ஐந்தாவது கால்

1996ஆம் வருடம் மே மாதம் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு லவினியா டீக்கின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கூடத்தில் தொலைக்காட்சி, சமையலறையில் ரேடியோ, ஜன்னலில் மின்விசிறி, மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. தொலைபேசியை எடுத்தபோதும் அவள் ஒன்றையும் அணைக்கவில்லை. அந்த வீட்டில் எதையும் அணைக்கிற வழக்கம் கிடையாது.

“மிஸஸ் டீக் இருக்காங்களா? என் பேரு ஹராச் பெட்ரோசியன். பழைய படங்களோட சத்தத்தைச் சரி பண்ற வேலை பார்க்கறேன். ‘செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை’ விஷயமாப் பேசணும்.”

“அதுல நான் நடிக்கலையே.”

“நடிச்சவங்களைத் தேடலை மேடம். தட்டினவங்களைத் தேடறேன். ஒலிச்சுருள் டப்பா மேல ரெண்டு பேரு எழுதியிருக்கு. டீக், டீக்.”

லவினியா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வருடத்தில் யாரும் அவளிடம் அந்த வார்த்தைகளைச் சொன்னதில்லை. ஒரு டப்பாவின் மேல் யாரோ பென்சிலால் எழுதிவைத்து, அது அழியாமல் கிடந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் சினிமாவில் ஆடுகிறவரின் கால் வேறு, கேட்கிற கால் வேறு. ஷூவின் அடியில் உலோகத் தகடு வைத்து ஆடும் டேப் நடனத்தைப் படம் பிடிக்கும்போது, காமிராவின் இரைச்சலும் டைரக்டரின் கத்தலும் சேர்ந்து காலடிச் சத்தம் கெட்டுப்போகும். அதனால் படம் எடுத்து முடித்த பிறகு, இருட்டறை ஒன்றில் நான்கடிக்கு நான்கடி மேப்பிள் மரப் பலகை போட்டு, திரையில் ஓடும் கால்களைப் பார்த்துக்கொண்டே வேறு ஆட்கள் தட்டிக் கொடுப்பார்கள். கதாநாயகன் கிளைவ் ஹார்ட்லிக்குத் தட்டியவன் லவினியாவின் புருஷன் வெண்டல். கதாநாயகி நினா வெஸ்லேக்குக்குத் தட்டியவள் லவினியா. அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. டீக் தம்பதி சென்ட்ரல் அவென்யூ கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்த கறுப்பு ஜோடி. அவர்களுடைய காலுக்கு ஸ்டூடியோவுக்குள் வேலை இருந்தது, முகத்துக்கு இல்லை.

படத்தின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். டை விற்கிற கடைப்பையன் ஒருவனைப் பணக்கார வீட்டுக்காரர்கள் வரப்போகிற மாப்பிள்ளை என்று நினைத்துவிடுகிறார்கள், செவ்வாய்க்கிழமை கல்யாணம், நிஜ மாப்பிள்ளை திங்கட்கிழமை வந்து இறங்குகிறான். இதில் ஊர் மயங்க என்ன இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சரியான பதில் தெரியாது. ஆனால் வருடா வருடம் மே முதல் சனிக்கிழமை, ஃபேர்ஃபாக்ஸ் தெருப் பக்கத்துப் பழைய தியேட்டரில் டிக்கெட் கிடைக்காது. ஆண்களும் பெண்களும் கழுத்தில் மூன்று நான்கு டைகளை மாட்டிக்கொண்டு வருவார்கள். வசனம் முழுவதும் மனப்பாடம். எல்லோரும் காத்திருப்பது ஒரே ஒரு இடத்துக்கு.

ஹோட்டல் சமையலறையில் நான்கு நிமிடம் ஆடிக் களைத்து, கதாநாயகனும் நாயகியும் மாவு மூட்டைகள் மேல் பொத்தென்று விழுகிறார்கள். நான்கு கால்களும் அந்தரத்தில் நீட்டியபடி இருக்கின்றன. இசை நிற்கிறது. ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அந்த அமைதிக்குள் எங்கிருந்தோ ஒரு தட்டு.

டக்.

தரையில் ஒரு காலும் இல்லை. பிறகு தட்டியது யாருடைய கால்?

ரசிகர்கள் அதற்கு ‘ஐந்தாவது கால்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தியேட்டரில் அந்த நொடிக்கு எழுநூறு பேரும் சேர்ந்து நாற்காலிக் கையில் தட்டுவார்கள். கல்யாண விருந்துகளில் மாப்பிள்ளையும் பெண்ணும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார, மாப்பிள்ளைத் தோழன் மேசைக்கடியில் தட்டுவான். போன வருடம் பல் டாக்டர் வீட்டு நர்ஸ், லவினியாவின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, “இப்ப அசையக் கூடாது, ஐந்தாவது கால் வரைக்கும்” என்று சொல்லித் தட்டில் டக்கென்று ஒரு தட்டு தட்டினாள். லவினியா பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஏனென்றால் அது அவள் கால்.

அதைத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான் என்று அவள் நினைத்திருந்தாள்: அவள், வெண்டல், கடவுள். ஒலிப்பதிவு செய்த அன்று, கடைசித் தட்டு முடிந்தபின், பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும்வரை சிலைபோல நிற்க வேண்டும். துணி சரசரக்கக் கூடாது என்று பாவாடையை ஊக்குகளால் இறுக்கிக் குத்தியிருந்தாள். நின்றாள். ஆனால் கிளப்பில் அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு முடிவு உண்டு. எல்லாம் நின்று, சனம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற நேரம் பார்த்து, லவினியா இடது குதிகாலால் ஒன்று வைப்பாள். கைதட்டல் அங்கேதான் விழும். நூற்றுக்கணக்கான ராத்திரிகள் வைத்துப் பழகிய கால், அன்று அவளைக் கேட்காமலே வைத்துவிட்டது.

ஒலிப்பதிவாளர் “யாரு காலு?” என்றபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் “என்னுது” என்றான். மறுபடி ஒரு தடவை சுத்தமாகத் தட்டிக்கொடுத்தார்கள். 1951 செப்டம்பரில் பால்கனியில் உட்கார்ந்து படம் பார்த்தபோதுதான், தப்பான பதிவை ஒட்டிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. சனம் சிரித்தது. அவள் வெண்டலின் கையை நகம் பதியப் பிடித்தாள். அவன், “சிரிச்சாங்கல்ல, விடு” என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு ஸ்டூடியோ வெண்டலைக் கூப்பிடவே இல்லை. 1953 பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் மேடையொன்றில் ஆடிவிட்டு, ஆடிய ஹோட்டலில் படுக்கக் கறுப்பர்களுக்கு அனுமதி கிடையாது என்பதால், தூங்காமல் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டவன், பாதி வழியில் இருக்கிற பார்ஸ்டோ ஊரைத் தாண்டவில்லை. கார் கவிழ்ந்து அங்கேயே போய்விட்டான்.

லவினியாவின் கணக்கு இப்படிப் போகும்: குதிகால் வைக்காவிட்டால் ஸ்டூடியோ வேலை போயிருக்காது. ஸ்டூடியோ வேலை இருந்தால் வேகாஸ் இல்லை. வேகாஸ் இல்லாவிட்டால் அந்தச் சாலை இல்லை. எத்தனை தடவை போட்டாலும் ஒரே விடை. வீடு கொஞ்சம் அமைதியானால் போதும், பட்டப்பகலில், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தத் தட்டு கேட்கும். முதலில் அமைதி வந்து நிற்கும். அது நிற்கிற விதத்திலேயே பின்னால் என்ன வரப்போகிறதென்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் தொலைக்காட்சி, ரேடியோ, மின்விசிறி.

“வர்றேன்,” என்றாள் தொலைபேசியில். “ஆனா நான் ஒண்ணு கேப்பேன். செஞ்சு தரணும்.”

வியாழக்கிழமை அவளுடன் ஒடெஸ்ஸாவும் கிளம்பினாள். ஒடெஸ்ஸா வெண்டலின் அக்கா. எழுபத்துநாலு வயது. தம்பி போனதிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த மஞ்சள் தொப்பியை ஒடெஸ்ஸா போட்டுக்கொண்டிருந்தாள்.

“சவுண்டு ரூமுக்குத் தொப்பி எதுக்கு?”

“என் தம்பியைப் பார்க்கப் போறேன் வின்னி. வெறுந்தலையோட போவேனா? உன்னை மாதிரியா என்ன, பேங்குக்குப் போற சட்டையைப் போட்டுக்கிட்டு.”

சர்ச்சில் புதிதாக யார் வந்தாலும் ஒடெஸ்ஸா முதலில் சொல்வது, “ஐந்தாவது கால் தெரியுமில்ல? அது என் தம்பி காலு.” வெண்டல் ஒரு தடவை வாய்விட்டு அவளிடம் அப்படிச் சொல்லியிருந்தான். தியேட்டருக்கும் வருடம் தவறாமல் போவாள். எழுநூறு பேர் தட்டும்போது அவள் தட்டமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். லவினியா ஒரு தடவைகூட உடன் போனதில்லை. தலைவலி என்று சொல்லியே நாற்பது வருடத்தைக் கடத்திவிட்டாள்.

பெட்ரோசியனுக்கு நாற்பது வயதிருக்கும். குள்ளம், அடர்ந்த புருவம். அறையில் ஒரு சிறிய திரை, கருவிகள், மூன்று நாற்காலிகள். சுவர் முழுவதும் தடித்த துணி. கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அறுந்து போயிற்று. லவினியா வாசலிலேயே நின்றுவிட்டாள். இவ்வளவு அமைதியான இடத்துக்குள் அவள் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

“காப்பி வேணுமா?” என்றான் அவன்.

“நானே எடுத்துக்கறேன் தம்பி. எங்க இருக்கு, வலது பக்கமா?” என்று ஒடெஸ்ஸா வெளியே போனாள்.

அவள் போனதும் லவினியா தாழ்ந்த குரலில் சொன்னாள். “அந்தத் தட்டை எடுத்துடுங்க.”

“எந்தத் தட்டு?”

“எதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

பெட்ரோசியன் அவளையே பார்த்தான். “மேடம், நாங்க பெய்ரூட்லேர்ந்து வந்தப்ப எனக்கு ஆறு வயசு. வீட்டுல ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. டிவியில இந்தப் படம் வந்தா எங்கம்மா கரண்டியோட வந்து நிப்பாங்க. அந்த இடம் வந்ததும் பாத்திரத்துல ஒரு தட்டு. அதுக்கு மட்டும் இங்கிலீஷ் தேவைப்படல. அதைப் போயி எடுக்கச் சொல்றீங்களே?”

“அது தப்பு. தப்பை எடுக்கறதுதானே உங்க வேலை?”

அவன் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டினான். பழுது என்று குறிக்கப்பட்டவை இருநூற்றுப் பதினான்கு. நூற்றுப் பதினேழாவது வரியில் ‘உபரித் தட்டு’ என்றிருந்தது. எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை.

“கம்பெனி சுத்தமான சத்தம் கேக்குது. இதை வச்சுக்கறதா எடுக்கறதான்னு முடிவை என்கிட்ட விட்டுட்டாங்க. எடுக்கணும்னா கஷ்டமே இல்ல. ரெண்டாவது பதிவு ஒண்ணு பத்திரமா இருக்கு. ஆனா நீங்க மொதல்ல இதைக் கேக்கணும். படத்துல போகாத பாகமும் சுருள்ல அப்படியே இருக்கு. அன்னிக்கு மெஷினை உடனே நிறுத்தாம விட்டிருக்காங்க.”

ஒடெஸ்ஸா காப்பியோடு வந்து உட்கார்ந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். “போடு தம்பி.”

திரையில் படம் இல்லை. சத்தம் மட்டும். இசை கிடையாது, வசனம் கிடையாது. பலகை மேல் நான்கு கால்கள். லவினியாவுக்கு எது தன்னுடையது, எது வெண்டலுடையது என்று முதல் நொடியிலேயே பிரிந்துவிட்டது. அவன் எப்போதும் தாளத்துக்கு மயிரிழை பின்னால் வருவான், கதவை அவளுக்குத் திறந்துவிட்டுப் பின்னால் நுழைகிற மாதிரி. அவளுடைய உள்ளங்கால்கள் ஷூவுக்குள் வியர்த்தன. தட்டுகள் வேகமாகி, உச்சிக்குப் போய், நின்றன.

டக்.

“யாரு காலு அது?” என்று ஒரு குரல் தூரத்தில் கேட்டது.

“என்னுது.”

ஒடெஸ்ஸாவின் கையிலிருந்த காப்பி சிந்தியது. “ஐயோ, வெண்டல்,” என்றாள். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது அது. நாற்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

இரண்டாவது பதிவு ஓடியது. முடிந்தது. கதவு திறந்து சாத்துகிற சத்தம். அது தான் வெளியே போன சத்தம் என்று லவினியாவுக்குத் தெரிந்தது. அன்று ஷூவைக் கழற்றாமலே கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அவள் போன பிறகு அந்த அறையில் நடந்தது இப்போது முதன்முறையாக அவள் காதில் விழுந்தது.

“ரெண்டாவது சுத்தமா வந்திருக்கு வெண்டல். இதையே கொடுத்துடறேன்,” என்றது ஒலிப்பதிவாளரின் குரல்.

“வேணாம். மொதல்ல எடுத்ததைக் கொடு.”

“அதுல தப்பு இருக்கேப்பா.”

“தப்பு இல்ல அது. நாங்க ரெண்டு பேரும் எங்க ஆடினாலும் கடைசில அப்படித்தான் முடிப்போம். படத்துல எங்க பேரைப் போடப் போறியா? போடமாட்டே. இதாவது கிடக்கட்டும்.”

“மேல இருக்கறவங்க கேட்டா?”

“வெண்டல் காலுன்னு சொல்லு. வேலைதானே, போனா போகுது.” பலகையை விட்டு இறங்குகிற காலடி. பிறகு: “வின்னிகிட்ட சொல்லாதே. பயந்துக்குவா.”

சுருள் தீர்ந்தது.

நாற்பத்தைந்து வருடமாக ஒரே விடை வந்த கணக்கு இப்போது லவினியாவின் முன்னால் கலைந்து கிடந்தது. மனம் லேசாகும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவளுக்கு வந்தது கோபம். தெரிந்தே செய்திருக்கிறான். தெரிந்தே வேலையை விட்டிருக்கிறான். அவள் பால்கனியில் நகம் பதிய அவன் கையைப் பிடித்தபோதும் உண்மையைச் சொல்லாமல் ‘விடு’ என்றிருக்கிறான். பிறகு சொல்வதற்கு இல்லாமல் போய்விட்டான்.

“உன்கிட்ட எதைச் சொல்லக் கூடாதுங்கறான்?” என்றாள் ஒடெஸ்ஸா.

லவினியா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வின்னி, உன்னைத்தான் கேக்கறேன். எதுக்கு நீ பயந்துக்குவே?”

“அது அவன் காலு இல்ல ஒடெஸ்ஸா.”

“பின்னே?”

“என் காலு. எடது குதிகாலு. அவன் எனக்காகப் பொய் சொன்னான்.”

பெட்ரோசியன் கருவிகளின் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒடெஸ்ஸா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். நெடுநேரம் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“நாப்பது வருஷம்,” என்றாள் கடைசியில். “நாப்பது வருஷமா டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போயி, கண்ணை மூடிக்கிட்டு, உன் குதிகாலையா கேட்டுட்டு வந்தேன்? பாஸ்டர் கிட்ட, புதுசா வந்த ஆர்கன்காரன் கிட்ட, எல்லார்கிட்டயும் உன் காலைப் பத்தியாடி பீத்திக்கிட்டிருந்தேன்?”

“சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணுமாம்! வீட்டுக்குள்ளயே வச்சிருந்தேனே உன்னை. தினம் அந்தக் காலை வச்சுக்கிட்டு என் கண்ணு முன்னாடி நடந்துக்கிட்டுத் திரிஞ்சியே. தலைவலி, தலைவலின்னு என்னமா நடிச்சே! நினா வெஸ்லேக்குக்குப் பதிலா உன்னையே போட்டிருக்கலாம்.”

சிரிக்க வேண்டிய வார்த்தை. யாரும் சிரிக்கவில்லை. ஒடெஸ்ஸா கருவியைக் காட்டினாள். “அப்ப அவன் எங்க இருக்கான் அதுல? எனக்குன்னு அதுல என்ன இருக்கு?”

லவினியா காலியான திரையைப் பார்த்தாள். பெட்ரோசியனைப் பார்த்து, “ரெண்டாவதைப் படத்தோட போட்டுக் காட்டுங்க,” என்றாள். “தட்டு இல்லாம எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

திரையில் சமையலறை வந்தது. கிளைவ் ஹார்ட்லியும் நினா வெஸ்லேக்கும் மேசைகளைச் சுற்றி ஆடினார்கள். இரண்டு பேரும் இறந்து வெகுநாளாகிவிட்டது. திரையில் வியர்வை பளபளத்தது. மாவு மூட்டை மேல் விழுந்தார்கள். மாவு புகையாக எழுந்தது. நான்கு கால்கள் அந்தரத்தில் நீண்டன. பார்த்துக்கொண்டார்கள்.

தட்டு வரவில்லை.

அது வராத இடத்தில் வேறொன்று இருந்தது. முதலில் லவினியா கருவியின் இரைச்சல் என்று நினைத்தாள். பிறகு புரிந்தது. நான்கு நிமிடம் ஆடியவன், சிவப்பு விளக்கு அணையும்வரை மூச்சை அடக்கிவைத்திருந்து, முடியாமல் மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறான். ஒரு தடவை. இரண்டு தடவை. முதல் பதிவில் தட்டு விழுந்து இதை மூடியிருக்கிறது. திரையில் கிளைவ் ஹார்ட்லியின் வாய் சாத்தியிருந்தது. மூச்சு அவனுடையதல்ல.

ஒடெஸ்ஸா எழுந்து திரையின் பக்கத்தில் போய் நின்றாள். “இன்னொரு தடவை,” என்றாள்.

பெட்ரோசியன் போட்டான். மூன்றாவது தடவையும் போட்டான்.

“சின்னப் புள்ளைல தூங்கறப்ப இப்படித்தான் விடுவான்,” என்றாள் ஒடெஸ்ஸா. “ஒரே கட்டில்ல மூணு பேரு. நடுவுல அவன்.”

பெட்ரோசியன் பேனாவை எடுத்தான். “மேடம், நீங்க கேட்டதைச் செஞ்சு தர்றேன். இந்தப் பதிவைப் போட்டா தட்டு போயிடும். மூச்சை வேணும்னா வச்சுக்கலாம், வேணாம்னா அழிச்சுடலாம். சொல்லுங்க.”

லவினியா நூற்றுப் பதினேழாவது வரியைப் பார்த்தாள். இத்தனை வருடம் இதற்காகத்தான் காத்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தியேட்டரிலும் கல்யாணத்திலும் பல் டாக்டர் வீட்டிலும் மெல்ல மெல்ல மறந்துபோகும்.

“மொதல்ல எடுத்ததே இருக்கட்டும்,” என்றாள்.

“நிஜமாவா?”

“தட்டு ஊருக்குப் போட்டது. ஊரே வச்சுக்கட்டும். இந்த மூச்சை எழுநூறு பேர் நாற்காலியில உக்காந்து கேக்க வேணாம்.”

அவன் வரிக்கு எதிரே ‘அப்படியே விடவும்’ என்று எழுதினான். ரசிகர்களுக்காக இல்லாமல், தனக்காக, “நன்றி” என்றான். பிறகு, “ரெண்டாவது பதிவை ஒரு காசெட்ல போட்டுத் தரட்டுமா? உங்களுக்கு மட்டும்?” என்று கேட்டான்.

“கொடு தம்பி,” என்றாள் ஒடெஸ்ஸா.

“வேணாம்,” என்றாள் லவினியா.

“ஏண்டி வேணாம்? எனக்கு வேணும்.”

“தினம் போட்டுக் கேப்பே. நானும் கேப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் அந்த வீட்டுல வேற எதையும் கேக்கமாட்டோம். எனக்குத் தெரியும் ஒடெஸ்ஸா, அது எப்படி இருக்கும்னு.”

ஒடெஸ்ஸா சண்டைக்கு வாயைத் திறந்தாள். லவினியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு மணி. காருக்குள் உட்கார்ந்து கதவுகளைச் சாத்தினார்கள். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. லவினியா சாவியைத் துளையில் வைத்தவள் திருப்பவில்லை. இருவரும் முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். தொப்பி ஒடெஸ்ஸாவின் மடியில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒடெஸ்ஸா தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டாள்.

“வின்னி, இப்ப மூச்சு விட்டது நீயா?”

லவினியா தன் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “ஆமா,” என்றாள்.